மச்சாள் வெட்டிய பெயர்

"…எவ்வளவு தேடினாலும் அதிலை இல்லை. நீ கண்ணைப் பழுதாக்காதை, என்ர பேரை நானே வெட்டிப்போட்டன்" என்றாள் மச்சாள்.

அவள் கொண்டுவந்த மரண அறிவித்தல் என் கையில் இருந்தது. அப்பியாசப் புத்தகத்தில் கிழித்த இரண்டு தாள்கள், இரண்டு பக்கமும் எழுத்து. இறந்தவர் அவளுடைய தகப்பன். முந்தைய ஞாயிற்றுக்கிழமை மன்னாரில் காலமானவர். அன்றைக்கு வியாழக்கிழமை, பின்னேரம் மூன்றே கால். நான்கு மணிக்கு வானொலியில் எங்கள் தமிழ் மணித்தியாலம் தொடங்கும். அதில் அறிவித்தல் வாசிப்பவள் நான். அவளுடைய பெயர் எந்த வரியில் வருகிறது, மூச்சை எங்கே இழுத்தால் அதைத் தாண்டிப் போகலாம் என்று பார்க்கத்தான் என் கண் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் கண்டுவிட்டாள்.

மச்சாள் என்றால் என் சின்ன அண்ணாவின் மனைவி. அந்தத் தாள் என் கைக்கு வரவேண்டும் என்று நான் நாலு வருடம் காத்திருந்தேன். ஒரு மனுசனின் சாவுக்குக் காத்திருந்தேன் என்று எழுதுவது வடிவில்லைத்தான். ஆனால் எழுத இருந்த பிறகு பொய் எழுதினால் அது இன்னும் வடிவில்லை.

வானொலி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்கக் கூடாது. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், பல்லரோச் சந்தைக்கும் வியா மக்வேதா வீதிக்கும் நடுவில் ஒரு ஒழுங்கை, அதில் பழைய வீடொன்றின் உச்சி மாடி, இரண்டு அறை, ஒரு குசினி. நற்செய்திப் பாட்டு மட்டும் போடும் வானொலி. விளம்பரம் இல்லை, அரசியல் இல்லை, காணிக்கை கேட்பது இல்லை என்று போதகர் தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். போதகர் சிசிலிக்காரர், காலையில் வீடு வீடாக வயர் இழுக்கும் வேலை, பின்னேரம் வானொலி. ஒலிபரப்புப் பெட்டியை அவரேதான் பூட்டினார். சுவரெல்லாம் முட்டைத் தட்டு. அன்ரெனா மொட்டைமாடியில் நின்றது. அதே மாடியில்தான் கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா துணி காயப்போடுவா. ஈரப் படுக்கை விரிப்புத் தொங்கினால் எங்கள் சத்தம் நகரத்து விளிம்பில் இருக்கும் பிரான்காச்சோ வரை போகாது என்பது போதகரின் விசுவாசம். மாடிக்கு ஏறிப் போய், "சிஞ்ஞோரா, இன்றைக்குக் கர்த்தருக்குக் கொஞ்சம் வழிவிடுங்கள்" என்று கெஞ்சுவார். "விரிப்பைத் தாண்டமுடியாத கர்த்தரை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய்?" என்பா அவ.

எங்களுக்கு முந்திய மணித்தியாலம் கானா நாட்டுச் சகோதரிகளுடையது. அவர்கள் பாடினால் குசினியில் கோப்பைகள் ஆடும். பிறகு நாங்கள்: கீர்த்தனைகள், ஞானப்பாட்டுகள், ஊரிலிருந்து யாராவது சூட்கேசின் அடியில் வைத்துக் கொண்டுவந்த கசற்றுகள். சன்னலைப் பூட்டினால் அவிந்துபோவோம், திறந்தால் கீழே மீன்காரன் கூவுவது ஒலிவாங்கிக்குள் வந்துவிடும். பிரான்காச்சோவில் மாடிப்படி கழுவும் ஒரு அக்கா என்னைக் கேட்டா: "பாட்டுக்கு நடுவிலை தனியப் பாடுற அந்த ஐயா ஆர் பிள்ளை? சொல்லு ஒண்டும் விளங்கேல்லை, ஆனால் நல்ல விசுவாசமாப் பாடுறார்." அவர் கணவாய் விற்கிறார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏன் வியாழக்கிழமை என்றால், வீட்டு வேலைக்காரருக்கு அரைநாள் விடுமுறை அன்றைக்குத்தான். சந்தைப் பக்கம் தமிழ்க் கடை வைத்திருந்தவர் சொல்வார், "இஞ்சை சனம் அழுகிறதெண்டாலும் வியாழன் பின்னேரம் பாத்துத்தான் அழும்" என்று. அவர் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. தன் கடையின் பெயரை வானொலியில் சொல்லச் சொல்லிப் போதகரை எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார். விளம்பரம் இல்லை என்று முடிந்துவிட்டது. அதன்பிறகு அவருடைய சொந்தக்காரர் வரிசையாக இறக்கத் தொடங்கினார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா, இரண்டுவிட்ட பெரியம்மாவின் மச்சான். ஒவ்வொரு அறிவித்தலின் கடைசியிலும் "தகவல்" என்று போட்டுக் கடையின் பெயர், ஒழுங்கையின் பெயர், எந்தத் தேவாலயத்துக்கு எதிரில் என்ற விபரம். போதகருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு வாய் திறக்க விருப்பமில்லை. அவரிடம் நல்ல கருவாடு இருந்தது.

பாட்டுக்காக அந்த அலைவரிசையைத் திருப்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஊரே திருப்பியது அறிவித்தலுக்காக. எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர், கோயிலில் தமிழ்ப் பூசை இருந்தது. மிச்சப் பேர் சைவர். வானொலிக்காரரை எல்லோரும் அல்லேலூயாக்காரர் என்று நக்கலடிப்பார்கள். என் அண்ணா பங்குக் கோயிலில் பெரிய ஆள். பூசை முடிந்து வெளியில் நின்று, "அந்த அலைவரிசையைத் திருப்பாதையுங்கோ, பிள்ளையள் கெட்டுப்போகும்" என்று சொல்லித் திரிந்தவர். ஆனால் வீட்டில் ஒரு சாவு என்றால் அவரும் இந்தப் படியில்தான் ஏறினார். கேட்டதற்குச் சொன்னாராம்: "பாட்டுத்தான் அவையின்ர. செத்தது எங்கட ஆள்தானே."

எங்கள் அறிவித்தல் சாமானியப்பட்டது இல்லை. இறந்தவர் யாருடைய மகன், யாருடைய கணவர், யாருக்குத் தகப்பன், யாருக்கு மாமன், யாருக்கு மைத்துனர், யாருக்குச் சம்பந்தி என்று உயிரோடிருப்பவர் இல்லாதவர் எல்லோரும் வரிசையாக வருவார்கள். பெயருக்குப் பின்னால் ஊர்: கனடா, ஜேர்மனி, பலெர்மோ. மூன்று நிமிடப் பாட்டுக்கு ஏழு நிமிட அறிவித்தல். முதலில் போதகர் பயந்துபோனார். "ஒவ்வொரு கிழமையும் நீங்கள் தொலைபேசிப் புத்தகமா வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டார். எப்படி விளக்குவது? இறந்தவரைப் பற்றிச் சனம் காது கொடுப்பதில்லை. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்றுதான் கேட்கும். "அந்தப் பட்டியலிலை பேர் இல்லாதவன் பிறக்கேல்லை எண்டு வையுங்கோ" என்று கடைக்காரர் ஒருநாள் போதகருக்கு விளக்கினார். போதகர் யோசித்துவிட்டு, வேதாகமத்திலும் அப்படிப் பக்கங்கள் உண்டு என்று அனுமதித்துவிட்டார்.

இன்னொரு விதியும் உண்டு. மகளின் பெயர் போட்டால் அவளுடைய புருசனின் பெயரை மருமகன் என்று போட்டாக வேண்டும். மருமகனைப் போடாவிட்டால் மகளும் இல்லை. இரண்டும் ஒரே முடிச்சு.

நான் யாழ்ப்பாணத்துச் சைவப் பெடியன் ஒருவனைக் கட்டினேன். கோயிலில் அல்ல, நகரசபையில், ஒரு இத்தாலிக்காரி மூவர்ணப் பட்டி போட்டுக்கொண்டு கட்டிவைத்தா. அவர் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் பேப்பர் வாசிக்கப் பழக்கியது அவருடைய சுருட்டிவைத்த பழைய பத்திரிகைகள்தான். அண்ணா கலியாணத்துக்கு வரவில்லை. அது போகட்டும், வராமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு.

அடுத்த வருடம் ஒரு வியாழக்கிழமை. நான் வேலை செய்த சிஞ்ஞோராவின் வீட்டில் அன்றைக்கு விருந்து, அதனால் எனக்கு விடுமுறை இல்லை. குசினியில் நின்று அவவின் மகனுடைய சேர்ட்டுகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அலுமாரிக்கு மேல் சின்ன வானொலி. அந்த நாளில் அறிவித்தல் வாசித்தவர் கொழும்பில் தபால் கந்தோரில் இருந்த ஒரு ஐயா. நல்ல கனத்த குரல். அவர் ஒரு பெயரைச் சொன்னார். என் அம்மாவின் பெயர். ஊரில் அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு என் அப்பாவின் பெயரைச் சொன்னார். பிறகு பிள்ளைகள்: மூத்த அண்ணா, மன்னார். சின்ன அண்ணா, பலெர்மோ. மருமக்கள் இருவர். பேரப்பிள்ளைகள். நான் என் பெயருக்காகக் காத்திருந்தேன். சேர்ட்டின் முதுகு கருகி மணந்த பிறகுதான் அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார் என்று விளங்கியது.

சிஞ்ஞோரா ஓடிவந்து கத்தினா. என் அம்மா செத்துப்போனா என்று சொன்னேன். "யார் சொன்னது?" என்றா. வானொலி என்றேன். அவ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அயனைக் கழற்றினா.

அன்றைக்கே நாங்கள் இருவரும் பஸ் பிடித்துப் பிரான்காச்சோவுக்குப் போனோம். என் மனுசன் சாவீட்டு வழக்கப்படி சீனியும் தேயிலையும் வாங்கிக்கொண்டார். அண்ணாவின் வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. மச்சாள் கதவில் நின்றாள்.

"என்ர பேர் எங்கை மச்சாள்?" என்று கேட்டேன். அழுவதற்கு முன்பு அதைத்தான் கேட்டேன்.

"ஒரு பேர்தானே. எழுதேக்கை விடுபட்டிட்டுது."

"மற்ற ஒரு பேரும் விடுபடேல்லையே."

உள்ளே இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். மச்சாள் குரலைக் குறைக்கவில்லை. "சரி, கேக்கிறாய் எண்டதாலை சொல்லுறன். உன்ரயைப் போட்டால் உன்ர மனுசன்ரயும் போடோணும். மாமி செபமாலையோடை செத்தவ. அவவுக்கு மருமகன் எண்டு ஒரு திருநீறுக்காரன்ர பேரைச் சொல்லேலுமோ? நீயே சொல்லு."

அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஒன்றும் இல்லை. என் மனுசன் சீனியையும் தேயிலையையும் படியில் வைத்தார். "வா, போவம். இவை தேத்தண்ணி குடிக்கட்டும்" என்றார். பஸ்ஸில் வரும்போது, "என்ர பேரை ரேடியோவிலை கேட்டு நான் என்ன, கூடக் கோப்பை கழுவப்போறனே?" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்குப் போக என்னிடம் பெர்மெசோவும் இல்லை; அந்த வதிவிட அனுமதி புதுப்பிக்கவென்று குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், கிடந்தது. அந்த ஏழு நிமிடத்துக்குள்தான் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்க முடியும். அதற்குள்ளும் என்னை நிற்கவிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து நான் வானொலிக்குப் போனேன். மற்றவர்கள் அந்தப் படியில் ஆண்டவரைத் தேடி ஏறினார்கள். நான் அந்த ஒலிவாங்கியைத் தேடி ஏறினேன். பலெர்மோவில் இருக்கும் அத்தனை தமிழரின் சாவும் ஒருநாள் அந்த வழியாகத்தான் போகவேண்டும். மச்சாளுக்கும் தாய் தகப்பன் உண்டு. என் கணக்கு அவ்வளவுதான். முதலில் கூட்டித் துடைத்தேன். பிறகு கசற்றுகளை அடுக்கினேன். தபால் கந்தோர் ஐயா ஜேர்மனியில் மகளோடு போய் இருக்கப் புறப்பட்டபோது, "ஆர் இனி வாசிக்கிறது?" என்று கேட்டார். நான் கோப்பை கழுவிக்கொண்டே, "வேறை ஆக்கள் இல்லாட்டி நான் வாசிக்கிறன்" என்றேன், ஏதோ பெரிய பாரம் சுமப்பவளைப்போல.

நல்லாகத்தான் வாசித்தேன், பொய் சொல்லவில்லை. பாட்டுக்கு நடுவில் ஆட்கள் சொன்ன கதைகளைச் சொல்வேன். சனம் சிரித்தது. சந்தையில் தக்காளிக்காரியிடம் நிற்கும்போது குரலை வைத்தே என்னைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு கிழமையும் யாரோ ஒருவரின் பட்டியலை வாசிக்கும்போது நான் பழகிக்கொண்டிருந்தது வேறு. ஒரு பெயரை விட்டால் அது விட்டதாகத் தெரியக் கூடாது. இருமக் கூடாது, தடுமாறக் கூடாது. முந்திய பெயரின் கடைசி எழுத்தை இழுத்து அடுத்த பெயரின் முதல் எழுத்தில் இறக்க வேண்டும். அயன் பண்ணும்போது மச்சாள் வீட்டுப் பெயர்களை வைத்துச் சொல்லிப் பார்ப்பேன். மூத்தவன், கனடா, இளையவன், மன்னார், மைத்துனர்மார் என்று போய்விடுவேன். நடுவில் அவள் விழுந்த சத்தமே கேட்காது.

மன்னாரிலிருந்து புதிதாக யாராவது வந்தால் மச்சாளின் தகப்பனை விசாரிப்பேன். "அவருக்கு இப்ப சுகமே? சாப்பாடு செல்லுதோ? அந்த இருமல் எப்பிடி?" அவர்கள் மனமிளகிப்போவார்கள். "பாவம், அண்ணன்ர பெண்சாதி என்ன செய்தும் இவவுக்கு எவ்வளவு பட்சம் பாருங்கோ" என்பார்கள். ஆண்டவர் மேலேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அந்த வியாழக்கிழமை மச்சாள் தனியாக வந்தாள். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, நெஞ்சடைக்க ஏறிவந்த மூச்சு. நாலு வருடமாக நாங்கள் கதைக்கவில்லை. கோயில் திருநாளில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வோம். கானாச் சகோதரிகள் உள்ளே மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் குசினியில் நின்று தாளை வாங்கினேன். ஆழ்ந்த அனுதாபம் என்று சொல்ல வேண்டும், சொன்னேன். பிறகு தேடத் தொடங்கினேன். அப்போதுதான் அவள், நான் முதலில் எழுதியதைச் சொன்னாள்.

நான் திரும்பவும் பார்த்தேன். பிள்ளைகள் என்ற இடத்தில் கனடாக்காரரும் மன்னார்க்காரரும் மட்டும். மருமகன் வரிசையில் என் அண்ணா இல்லை. பேரப்பிள்ளைகளில் அவளுடைய இரண்டு பெடியளும் இல்லை. வெட்டிய அடையாளம்கூட இல்லை. அவள் முழுத்தாளையும் புதிதாக எழுதியிருந்தாள்.

"ஏன் வெட்டினியள்?"

"நான் வெட்டாட்டி நீ வெட்டுவாய். அப்பாவுக்கு இருமல் எப்பிடி எண்டு நாலு வருசமாக் கேட்டுத் திரியிறியாம். வாற சனமெல்லாம் என்னட்டை வந்து, உன்ர மச்சாள் தங்கமான பிள்ளை எண்டு சொல்லுது. என்ர மச்சாளை நான் அறிவன்."

நான் தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"உன்ர கையாலை வெட்டுப்படுறதிலும் பாக்க என்ர கையாலை வெட்டுப்பட்டால் எனக்கு மரியாதை" என்றாள். "நாளைக்குச் சனம் கேட்டால், நான்தான் போடேல்லை எண்டு சொல்லுவன். அவள் விட்டிட்டாள் எண்டு ஒருத்தரும் என்னைப் பாத்துப் பரிதாபப்படத் தேவையில்லை. நீ மற்றவையின்ர பேரைப் பிழையில்லாமல் வாசி. அது காணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. நாலு வருடம், ஒவ்வொரு வியாழனும், முட்டுவலியோடு ஏறின படிகள். நான் செய்யவிருந்த வேலையை இவள் பிரான்காச்சோவில் இருந்தே முடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். தாளை முகத்தில் எறியலாம் என்று பார்த்தால் அதில் இறந்த மனுசனின் பெயர் இருக்கிறது.

அப்போதுதான் கடைசிப் பக்கத்தில் அந்த வரியைக் கண்டேன். சம்பந்தி என்ற இடத்தில் என் அம்மாவின் பெயர்.

"மகளும் இல்லை, மருமகனும் இல்லை. பிறகு சம்பந்தி மட்டும் எங்கையிருந்து வந்தா?" என்று கேட்டேன்.

"தெரியும். எழுதேக்கை நானும் பாத்தனான்." அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மாமியை வெட்டக் கை வரேல்லை."

"என்னை வெட்டக் கை வந்துது."

"ஓம். வந்துது."

மன்னிப்பும் கேட்கவில்லை, நியாயமும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து, உறை பிரிக்காத புதுக் கசற் ஒன்றை எடுத்தாள். குசினியில் இருந்த ரேடியோ ரெக்கோடரைக் காட்டி, "இதிலை பதியலாமோ?" என்றாள். ஊரில் தொலைபேசி இல்லை. திங்கட்கிழமை ஒருவர் கொழும்புக்குப் பறக்கிறார், அவர் கையில் கொடுத்தால் முப்பத்தோராம் நாளுக்கு வீடு போய்ச் சேரும். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் இருக்கும்போது அதைப் போட்டுக் கேட்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கும்.

"உங்கட பேர் இல்லாமலோ அம்மாவுக்கு அனுப்பப்போறியள்?"

"நீ அதை யோசியாதை" என்றாள். அவளுக்கும் அந்த முறை பெர்மெசோ குவெஸ்தூராவில் கிடந்ததாம், பிறகு அறிந்தேன். தகப்பனின் முகத்தைப் பார்க்காமல், தகப்பனின் பட்டியலிலும் இல்லாமல், வீட்டுக்காரர் அத்தனை பேரின் பெயரையும் தன் கையால் பதிந்து அனுப்பவிருந்தாள். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது அது அல்ல. அவள் வெட்டிக்கொண்டு தப்பப் பார்க்கிறாள் என்றுதான் பட்டது.

கானாச் சகோதரிகள் வேர்த்துச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். போதகர் நான்கு விரலைக் காட்டினார், நான்கு நிமிடம். நான் உள்ளே போய் இருந்தேன். குசினிக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல். அதனூடாக மச்சாளைக் காணக்கூடியதாக இருந்தது. கசற்றைப் போட்டுவிட்டு, ரெக்கோடருக்கு முன்னால் வாங்கில் நேராக இருந்தாள், கோயிலில் இருப்பதுபோல.

முதலில் ஒரு பாட்டு. பிறகு நான் அவளுடைய தகப்பனின் பெயரைச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பதிவுப் பொத்தானை அமுக்கினாள்.

பெற்றோர், மனைவி, எல்லாம் தாளில் இருந்தபடியே. பிள்ளைகள். மூத்தவர், கனடா. இளையவர், மன்னார். தாளில் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி. நான் நிறுத்தவில்லை. மச்சாளின் பெயரை வாசித்தேன்; ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர் இரண்டையும், பலெர்மோ என்பதையும் சேர்த்து, நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தும் விழும்படி. இரங்கி வாசிக்கவில்லை. இனி அவள் தகப்பனுடைய பிள்ளைகளில் ஒருத்தி என்பது என் வாயால் சொல்லப்பட்டது. நான் கொடுத்ததாகவே அது இருக்கும். அவள் சாகும்வரை அதைத் திருப்பித் தர முடியாது.

அவள் தலையைத் தூக்கினாள்.

மருமகன் வரிசையில் அண்ணாவைச் சேர்த்தேன். பேரப்பிள்ளைகளில் இரண்டு பெடியளையும் சேர்த்தேன். பெரியவனை ஞானஸ்நானத்துக்குத் தூக்கியவள் நான், முழுப் பெயரும் எனக்குத் தெரியும். பிறகு சம்பந்தி. என் அம்மாவின் பெயரை வாசித்தேன். அந்த ஒலிவாங்கியில் அதை நான் சொன்னது அதுதான் முதல்தரம். சொல்லிவிட்டு, தாளில் அடுத்த சொல் இல்லாத இடத்தில், அறிவித்தலுக்குரிய அதே குரலில் தொடர்ந்தேன். மேற்படி சம்பந்தியாகிய காலஞ்சென்ற என் தாயார், மன்னாரில் இருக்கும் மூத்த மகனுக்கும், பலெர்மோவில் இருக்கும் இளைய மகனுக்கும் மட்டுமல்ல, பலெர்மோவில் இருக்கும் ஒரே மகளுக்கும் அன்புத் தாயார் என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன். இன்னாருக்கு அன்பு மாமியார் என்று சொல்லி என் மனுசனின் பெயரைச் சொன்னேன். முருகனின் பெயர்களில் நீளமான ஒன்று அவருக்கு. தகப்பன் பெயரோடு, பிறந்த ஊரோடு, ஒன்றும் விடாமல் சொன்னேன். முன்பு விடுபட்ட இவ்விபரத்தை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்றேன்.

தொலைபேசிப் புத்தகம் இன்றைக்குக் கொஞ்சம் நீளம் என்பதுபோலப் போதகர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

இதுதான் நான் எடுத்த பழி. வெட்டுவதற்கென்று பழகின வாயால் ஒட்டினேன். முப்பத்தோராம் நாள், மச்சாளின் தாய்வீட்டில், அவளுடைய தகப்பனின் படத்துக்கு முன்னால், செபமாலைக்காரர் அத்தனை பேரும் இலைக்கு முன் இருந்து அந்தத் திருநீறுக்காரனின் பெயரைக் கேட்க வேண்டும். அவள் அனுப்பிய கசற்றில் இருந்தே கேட்க வேண்டும். அதை அனுப்பாமல் விட்டால் தகப்பனின் அறிவித்தலும் போகாது, அவளுடைய பெயரும் போகாது. இரண்டும் ஒரே முடிச்சு என்று அவளுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

என் மனுசனின் பெயரைச் சொல்லும்போது நான் தாளைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தேன். மச்சாளின் விரல் நிறுத்தும் பொத்தானுக்கு மேல் இருந்தது. அமுக்கினால் என் பெயரோடு பதிவு நின்றுவிடும். மிச்சத்தைப் பலெர்மோ கேட்கும், மன்னார் கேட்காது. அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளியிருப்போம். விரல் அங்கேயே இருந்தது. நான் கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்து, பாட்டுக் கசற்றை ஓடவிட்டேன்.

அதன்பிறகுதான் அவள் பொத்தானை அமுக்கினாள். கசற்றை வெளியே எடுத்து, கொண்டையில் இருந்த ஊசியை உருவி, இனி அதன் மேல் யாரும் வேறெதையும் பதிந்து அழிக்க முடியாதபடி, அந்தப் பக்கத்து விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்ரிக் பல்லைக் குத்தி உடைத்தாள்.